வியாழக்கிழமை இணைச்சீர்

சித்தப்பாவின் கல்யாணத் தேதி முடிவான அன்று எங்கள் வீட்டில் யாரும் பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. மண்டபம், சமையல்காரர், ஜவுளி எதுவும் பேச்சில் வரவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். ஜெர்மனியிலிருந்து அத்தை வருவாளா?

அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் பிறந்தவள், ஒரே பெண். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் நடக்கும். அவனுடைய அக்காளோ தங்கையோ பக்கத்தில் உட்கார வேண்டும். பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையைக் கொசுவி, ஒரு முனையை அவள் இடுப்பில் செருகி, மறுமுனையை அவன் கையில் கொடுப்பார்கள். கூடப் பிறந்தவள் இல்லாதவர்கள் பங்காளி வீட்டுப் பெண்ணை உட்கார வைப்பார்கள். அதில் குறையொன்றும் இல்லை. கூடப் பிறந்தவள் இருந்தும் வராமல் போனால்தான் ஊர் பேசும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் இடையில் எங்கள் கோழிப்பண்ணை. முட்டை விலை பார்ப்பதற்காக அப்பா ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையை அதில் வரவழைக்கும் பொறுப்பும் என்னுடையது. கேமராவை அப்பாருவின், அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தாவின், முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். அதனால் இந்தக் கதையில் எல்லாருடைய பேச்சும் என் காதில் விழுந்தது. விளங்கியது எவ்வளவு என்பது வேறு விஷயம்.

அத்தைக்கு ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மெஷின்களைப் பொருத்துகிற, பழுது பார்க்கிற வேலை. லண்டனில் ஒரு மெஷின் நின்றுபோனால் அதை ஓடவைக்க அவளுக்கு இரண்டு நாள் போதும். லண்டனுக்குள் போக அனுமதி வாங்கத்தான் மூன்று வாரம் ஆகும். நம் பாஸ்போர்ட் அப்படி. அவளோடு வேலை செய்கிறவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்பிவிடுவார்கள். இப்போது வெளிநாட்டு மெஷின்களுக்கெல்லாம் பொறுப்பாக ஒருவரை நியமிக்கப் போகிறார்கள். ஜெர்மனி பாஸ்போர்ட் கிடைத்துவிட்டால் அது அத்தைக்குத்தான் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். விண்ணப்பித்து வருடங்கள் ஓடி, குடியுரிமைச் சான்றிதழ் வாங்க வரச்சொல்லிக் கடிதம் வந்தது. வரச்சொன்ன நாள், இணைச்சீர் நடக்கிற அதே வியாழக்கிழமை.

அந்த நாளை விட்டால் அடுத்த நாள் எப்போது கிடைக்குமோ தெரியாது. கம்பெனி அந்த வியாழக்கிழமை வரைக்கும் பொறுக்கும். அன்றே போன் போட்டுக் கேட்டுவிட்டு, இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடும். சரி, சான்றிதழை வாங்கிக்கொண்டே கல்யாணத்துக்கு வரலாம் என்றால் அதுவும் நடக்காது. இரண்டு நாட்டையும் வைத்துக்கொள்ள நம் சட்டம் விடாது. அதை வாங்கிய கணமே இந்தப் பாஸ்போர்ட் செல்லாது. புதியது கைக்கு வந்து, அதில் இந்தியாவுக்கு விசா குத்தி வாங்குவதற்குள் சித்தப்பா மறுவீடே போய்வந்திருப்பார்.

இதை அத்தை பொறுமையாகச் சொன்னாள். அப்பாரு கம்ப்யூட்டரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி, அங்க பேரச் சேத்தா இங்க எடுத்துருவாங்களா?"

"ஆமாங்கப்பா."

"ரேஷன் கார்டாட்டமா?"

"அப்பிடியே வெச்சுக்கங்க."

"உன்னயக் கட்டிக் குடுத்து இத்தன வருசமாச்சு. நம்ம கார்டுல இருந்தே உம் பேர நா இன்னும் எடுக்கல. நீ நாட்டுல இருந்தே எடுக்கறேங்கற."

அத்தை சிரிக்கப் பார்த்தாள். படம் நின்றுவிட்டதோ என்று நான் கம்பியை ஆட்டிப் பார்த்தேன். படம் நன்றாகத்தான் இருந்தது.

அப்பாருவுக்கு இன்னொரு சந்தேகமும் வந்துவிட்டது. வேறு நாட்டுக்காரியாகிவிட்டவள் இனி எப்போதாவது நம் வீட்டுச் சீருக்கு உட்காரலாமா, கூடாதா? கேட்பதற்கு அருமைக்காரரை வரவழைத்தார். எங்கள் கல்யாணச் சீர்களையெல்லாம் நடத்தி வைப்பவர் அவர். மொபெட்டை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வந்து, காபியை ஆற்றிக் குடித்து முடிக்கும்வரை யோசித்தார்.

"கூடப் பொறந்தவதானுங்களே?"

"ஆமாங்க."

"புருசனோட வாழறாளுங்களே?"

"அதுக்கென்னுங்க, நல்லா வாழறா."

"அப்பறம் என்னுங்க? கட்டிக் குடுத்த அன்னிக்கே அவ வேற ஊட்டுக்காரி ஆயாச்சு. ஊடே மாறுனவளுக்கு நாடு மாறுனா என்ன ஆகிப்போச்சு? ஆனா ஆளு வரோணுமுங்க. ஆளில்லாம நா யாரு இடுப்புல சேலயச் செருகறது?"

எல்லோரும் சிரித்தார்கள். காபி டம்ளரை எடுக்க வந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு எல்லோரும் பேசிவிட்டு எழுந்து போனதும் அம்மா கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கண்ணு, நீ வராத. நாஞ் சொல்றேன், வராத."

"என்ன நங்க இப்பிடிச் சொல்றீங்க?" அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"இவங்க ரெண்டு மாசம் பேசுவாங்க, அப்பறம் வேற பேச்சு வந்துரும். எங் கலியாணம்னு நா மேட்டூர்ல இருந்த வேலய உட்டேன். அத இன்னிக்கு யாரு நெனச்சுப் பாக்கறாங்க?"

"அப்பா மூஞ்சிய நா எப்பிடிப் பாக்கறது?"

"கம்ப்யூட்டர்ல பாரு."

எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. அத்தையை அம்மாவுக்குப் பிடிக்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உடனே காரணங்களை வரிசைப்படுத்தினேன். அத்தை வந்தால் ஏசி அறையை அம்மா விட்டுக் கொடுக்க வேண்டும். அத்தைக்குத்தான் முதலில் சேலை எடுப்பார்கள். அத்தை சமைத்தால் அப்பா இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிடுவார். டிவி தொடர்களில் நாத்தனார்கள் சண்டை போட இதைவிடச் சின்னக் காரணங்களே போதுமாக இருந்தன.

அம்மா மறைவாக மட்டும் சொல்லவில்லை. அப்பாருவிடமே போய், "மாமா, வர வேண்டாம்னு நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க. நீங்க சொன்னா அது மனசு ஆறும்" என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பண்ணைப் பக்கம் போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்னிடமே கேட்டாள். "உங்கம்மாளுக்கு நாத்தனா வந்தா ஆகாதாக்கும்?" எனக்கு அவமானமாகிவிட்டது. அம்மாவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அவளுக்கு இருந்த வேலையில் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அத்தை வந்தாள். புதன்கிழமை காலையில் மாமாவோடு காரிலிருந்து இறங்கியவளிடம் அப்பாரு, "வா சாமி" என்றார். அவள் பெட்டியைத் தானே வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார். அன்று மத்தியானம் அவர்களுடைய பைகளைக் குடைந்து இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். அத்தையுடையது தடித்து, பக்கத்துக்குப் பக்கம் பளபளக்கிற ஸ்டிக்கர்களோடு இருந்தது. ஒரு வருடம் முன்பே அந்த நாட்டுக்காரராகிவிட்ட மாமாவுடையதில் விசா இல்லாமல் வந்துபோக நம் நாடு தருகிற அட்டை ஒன்றைச் செருகி வைத்திருந்தார். ஓரிரண்டு முத்திரை தவிரப் பக்கங்களெல்லாம் வெறுமையாக இருந்தன. எனக்கு மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"உங்களுக்கு ஒண்ணுமே குடுக்கலீங்களா மாமா?"

"இல்ல சாமி. அத்தைக்குத்தான் எல்லா நாட்லயும் குடுக்கறாங்க" என்றார் மாமா.

அத்தை தலையணையை எடுத்து அவர்மேல் வீசினாள். பின்னால், நானும் இன்ஜினியராகி, வேலைக்காகச் சென்னையில் விசா வரிசையில் நின்றபோதுதான் ஒரு ஸ்டிக்கருக்கு என்னென்ன வேண்டும் என்று தெரிந்தது. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, தங்குமிடச் சான்று, திரும்பி வருவதற்கான டிக்கெட், திரும்பி வந்துவிடுவேன் என்று நம்ப வைக்கிற ஒரு முகம்.

வியாழக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் இணைச்சீர் தொடங்கியது. அருமைக்காரர் கூறைச்சேலையைக் கொசுவி அத்தையின் இடுப்பில் செருகினார். மறுமுனையைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பாரு முன்வரிசையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் மேடையைப் பார்க்கச் சொல்லிக் கொண்டிருந்தார். அத்தையின் கைப்பை என் மடியில் இருந்தது. அம்மா என் பக்கத்தில்.

பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். நீளமான வெளிநாட்டு நம்பர். மேளச் சத்தத்தில் அத்தைக்குக் கேட்காதே என்று கையை உயர்த்திக் காட்டினேன். அத்தை பார்த்துவிட்டாள். எழுந்திருக்க முடியாது, சேலை இழுபடும். என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்பதைப் போல.

அம்மா போனை என்னிடமிருந்து வாங்கினாள். பேசவுமில்லை, அணைக்கவுமில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அது அடித்து ஓயும்வரை வைத்திருந்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள். அத்தையும் பார்த்தாள். மேடையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர்கள் இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

கல்யாணத்தில்கூட இவர்கள் சண்டையை விடமாட்டார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.