பாக்கியம் சிஸ்டர் வாங்கிக்கொண்ட மெமோ

வியாழக்கிழமை காலை திருநின்றவூரிலிருந்து போன் வந்தது. பாக்கியம் சிஸ்டரின் மகள் பேசினார். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க சார். நேத்து சாயங்காலம் தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க." நான்கு மாதமாக மூச்சுக்குத் திணறியவர். கஷ்டப்படாமல் போனார் என்று கேட்டதும் அழுகைக்கு முன்னால் எனக்கு நிம்மதிதான் வந்தது.

பூந்தமல்லிப் பக்கம் நூறு வருடம் தாண்டிய எங்கள் ஆண்கள் விடுதிப் பள்ளியில் அவர் நர்ஸாக இருந்தார். பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய தூண்கள் வைத்த வராந்தாவின் கோடியில், ஆறு இரும்புக் கட்டில்கள் போட்ட சிக் ரூம் அவருடைய ராஜ்ஜியம். நான் கணக்கு வாத்தியார். அந்த ராஜ்ஜியத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவன். கணக்கு டெஸ்ட் என்றால் காலை டிபனுக்குள் ஆறு கட்டிலும் நிரம்பிவிடும்.

பொய் வலியைக் கண்டுபிடிக்க அவர் ஸ்டெதாஸ்கோப்பைத் தேட மாட்டார். வாசலில் நின்றபடி, யாரையும் பார்க்காமல், "இன்னிக்கு மெஸ்ல பூரியாம்" என்பார். விடுதியில் பூரி மாதத்துக்கு ஒரு நாள்தான். மூன்று பேராவது போர்வையை உதறிக்கொண்டு எழுவார்கள். "எழுந்தவங்க எல்லாம் கெளம்புங்க. கணக்கு சார் ஆசையா காத்துட்டு இருக்காரு." எழாதவனுக்கு மட்டும் கஞ்சி, மாத்திரை, நெற்றியில் கை. அவருடைய சீட்டு இல்லாமல் எந்தப் பையனும் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது பள்ளியின் பழைய விதி.

நான் சேர்ந்த முதல் வருடம். வேலை நிரந்தரமாகவில்லை, வீட்டில் கைக்குழந்தை. ஒரு டெஸ்ட் நாளில் சிஸ்டர் மருந்து வாங்க ஆவடிக்குக் கிளம்பினார். "ஒருத்தன்தான் படுத்திருக்கான். கொஞ்சம் பாத்துக்குங்க சார். எழுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். படுத்திருந்தவன் நெமிலிச்சேரி கஜேந்திரன். அதற்கு முந்தின இரண்டு டெஸ்டுக்கும் இதே வயிற்று வலி. என் புத்தி சும்மா இருக்குமா? உள்ளே போய் நின்று, "மெஸ்ல பூரி" என்றேன். சட்டென்று எழுந்து நின்றான். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வினாத்தாளைக் கொடுத்தேன்.

சிஸ்டர் திரும்பியதும் காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டு நேராக வகுப்புக்கு வந்தார். கஜேந்திரன் டெஸ்க் மேல் சுருண்டிருந்தான். நடிக்கிறான் என்று நான் விட்டுவைத்திருந்தேன்.

"பூரின்னதும் எழுந்தானே சிஸ்டர்?"

"நீங்க வந்தீங்க, எழுந்தான். வாத்தியார் வந்தா எழுந்து நிக்கணும்னு நாமதானே சார் பழக்கி வச்சிருக்கோம்?"

மெஸ் வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாம். பையன் பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் தலைமையாசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "சீட்டு இல்லாம பையன் எப்படி வெளிய போனான்?" "எழுந்தா கூட்டிட்டுப் போங்கன்னு நான்தான் சொல்லிட்டுப் போனேன் சார்" என்றார் சிஸ்டர். மெமோ அவருக்குப் போனது. பையனின் அப்பா எல்லோர் எதிரிலும் அவரைத் திட்டியபோதும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்.

வராந்தாவில், "ஏன் சிஸ்டர்?" என்றேன். "எனக்கு இது ஒரு காகிதம். உங்களுக்கு வேலையே போயிடும். போய் கிளாஸ் எடுங்க."

போனேன். வேலை நிரந்தரமான பிறகும் வாயைத் திறக்கவில்லை. 'சிஸ்டரே ஏமாந்த கதை' என்று ஆசிரியர்கள் அறையில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய பணி ஓய்வு விழாவில் அரை மணி நேரம் பேசினேன், இதைத் தவிர எல்லாம் பேசினேன். வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனபோது, "எல்லாருக்கும் எழுதிச் சொல்லிடறேன் சிஸ்டர்" என்றேன். ஆக்சிஜன் குழாயோடு சிரித்தார். "நான் போனப்புறம் எழுதுங்க. இப்ப எழுதினா பசங்க போன் பண்ணியே என் உசுர எடுத்துடுவானுங்க. ஆனா கஜாகிட்ட மட்டும் நேர்ல சொல்லிடுங்க சார்."

சாவு வீட்டுக்குக் கஜேந்திரன் வந்திருந்தான். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான், தலை நரைத்துவிட்டது. பந்தலுக்கு வெளியே தனியாகக் கூப்பிட்டு, ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் இருந்தேன்.

"எனக்குத் தெரியும் சார்" என்றான். "அன்னிக்கி நான் தூங்கல. வலில கண்ண மூடிகினு இருந்தேன். 'எழுப்பாதீங்க'ன்னு சிஸ்டர் உங்ககிட்ட சொன்னது அத்தினியும் காதுல விழுந்துச்சு."

"பின்னே ஏன்டா இத்தனை வருஷமா…"

"ஆஸ்பத்திரிலயே கையில அடிச்சி சத்தியம் வாங்கிகினாங்க சார். 'அது சார் வாயால வரணும், நீ சொல்லிடாத. அவரு சொல்லுவாரு'ன்னாங்க. போன வாரம் வந்து பாத்தப்போ கூட கேட்டேன். 'இன்னா சிஸ்டர், இன்னும் சொல்லலையே'ன்னேன். 'அவரு சொல்லுவாருடா'ன்னுட்டாங்க."

நான் வாய்விட்டு அழுதேன். பல வருடங்களுக்குப் பிறகு நெஞ்சு முழுக்க மூச்சை இழுத்து விட்டேன். எடுக்கிற நேரம் ஆகிவிட்டதென்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்கள். "வாங்க சார்" என்று கஜேந்திரன் என் தோளைப் பிடித்தான். பாடையின் முன்பக்கம் அவனும் நானும் தோள் கொடுத்தோம்.

சிஸ்டர், சொல்லிவிட்டேன். போய் வாருங்கள்.