அக்கரைக்குப் பதில் தட்டினேன்

அக்கா, இதைப் போனில் பேசிப் பேசித்தான் டைப் செய்கிறேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. பக்கத்தில் அத்தான் இருந்தால் அவருக்கும் படித்துக் காட்டு. "உடம்பு வளையாதவன் பேய்க் கதை விடுறான்" என்று சிரிப்பார். தலையணைக்கு அடியில் டார்ச் வைத்துக்கொண்டு தூங்குகிற வீரர்தானே, சிரிக்கட்டும்.

எனக்கு வேலை ஆற்றங்கரை ஸ்டேஷனில், பிளாட்பாரம் பெருக்குவது. இந்த வாரம் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தால்தான் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட். ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு வாய்ச்சவடால். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'பாலம்'. வெயிட்டிங் ரூம் சுவரில் மூன்று போட்டோ: வெள்ளத்தில் போன மரப்பாலம், பிரித்து எடுத்த இரும்புப்பாலம், இப்போது இருக்கும் கான்கிரீட் பாலம். என்னமோ மூன்றையும் இவர் தாத்தா கட்டினதுபோலத் தினமும் பெருமை.

பிளாட்பாரக் கடைசியில் ஒரு தண்டவாளத் துண்டு சங்கிலியில் தொங்கும். அதைக் காட்டி 'பாலம்' ஒருநாள் ஆரம்பித்தார்:

"இரும்புப்பாலம் இருந்தப்போ, அக்கரையில இருக்கிற லைன் வேலைக்காரங்க அது மேல நடந்துதான் வருவாங்க. பனியில ரயில் தெரியாதுல்ல? அங்க ஒரு துண்டுல தட்டுவாங்க. நாம இங்க பதில் தட்டுனா, வரலாம்னு அர்த்தம்..."

நான் இயர்போனைச் சொருகிக்கொண்டேன். செத்த பாலத்துக்கு எதற்கு ஜாதகம்?

இன்று விடிகாலை. ஐந்து நாற்பது. பனியில் என் துடைப்பத்தின் நுனியே தெரியவில்லை.

ட்டங்...

ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

'பாலம்'தான் விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்தேன். கிழவனுக்கு வேறு வேலை இல்லை. பக்கத்தில் கிடந்த கம்பியை எடுத்து, தொங்கும் துண்டில் நக்கலாக மூன்று அடி அடித்தேன்.

"வாங்க மகராசா, வாங்க!" என்று கத்தவும் செய்தேன்.



பிறகு காலடிச் சத்தம். இரும்புத் தகட்டின்மேல் நடக்கிற சத்தம்... டங்க்... டங்க்...

பாலம் கான்கிரீட், அக்கா.

சத்தம் பிளாட்பாரத்தில் ஏறியது.

என் பக்கம் வந்தது...

தாண்டிப் போனது.

ஆள் இல்லை.

நான் பெருக்கிய தரையில் ஈரக் காலடிகள். வெறுங்கால். ஒரே ஒருவருடையது.

டிக்கெட் கவுன்டருக்கு ஓடினேன். அங்கே வெகு காலமாக வேலை பார்க்கும் அம்மா இருந்தார்.

"மாஸ்டர் ஏன் அக்கரையில நின்னு தட்டுறாரு?"

"அவரு லீவுடா. அக்கரையில தட்ட என்ன இருக்கு? அந்தத் துண்டைப் பாலத்தோடயே எடுத்துட்டாங்களே."

சட்டென்று கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ பதில் தட்டினியா?"

தலையாட்டினேன்.

"எத்தனை?"

"மூணு... சும்மா, கிண்டலுக்கு."

கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்.

"ஒரு அடிக்கு ஒரு ஆள் வரலாம். அதான் இங்க வழக்கம். பாலத்தைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பனி நாள்ல, இங்க இருந்தவன் ரயில் வர்றதைப் பார்க்காம ஏழு அடி அடிச்சுட்டான். ஏழு பேரும் ஆத்துல."

நாளைக் காலையும் எனக்குத்தான் ஷிஃப்ட். போகாவிட்டால் ஊருக்கு டிக்கெட்.

அத்தான், சிரித்து முடித்தாயிற்றா?

வந்தது ஒருவர்தான். நான் கூப்பிட்டது மூன்று பேரை.