என் பெயர் போட்ட பக்கம்

முருங்கைக் கீரையில் இத்தனை இரும்புச் சத்து இருக்கிறது என்று யாராவது என்னிடம் அடித்துச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அந்தக் கணக்கை எங்கே பிடித்தாய் என்று கேட்கத் தோன்றும். நாலு வருடம் அதுதான் என் பிழைப்பு. ஓர் ஊட்டச்சத்து இணையதளத்தின் தமிழ்ப் பக்கங்களுக்கு நான் தகவல் சரிபார்ப்பவளாக இருந்தேன். அலுவலகம் கொச்சியில். நான் உட்கார்ந்திருந்தது எல்லையோரத்து எருத்தேன்பதியில், அண்ணன் வீட்டு மாடி அறையில். என் வீட்டில் நெட் சுற்றிக்கொண்டே நிற்கும். நாலு வீடு தள்ளி இருக்கிற அண்ணன் வீட்டு மாடியில் ஒழுங்காகக் கிடைக்கும்.

வேலை இப்படி நடக்கும். எழுதுகிறவர் கட்டுரையை அனுப்பும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதை எங்கிருந்து எடுத்தார் என்று குறித்திருக்க வேண்டும். நான் அந்த மூலத்தைத் திறந்து முழுசாகப் படிப்பேன். வரி அதோடு ஒத்துப்போனால் பச்சை, போகாவிட்டால் சிவப்பு. எல்லாம் பச்சையான பிறகு ஒரு டாக்டர் அம்மா படிப்பார். அவர் சரி என்றதும் ஆசிரியை வெளியிடுவாள். பக்கத்தின் அடியில் எழுதியவர், தகவல் சரிபார்த்தவர், மருத்துவ ஆலோசகர் என்று மூன்று பெயர்கள் வரும். வெளியான பிறகு ஒரு சொல்லை மாற்றினாலும் என்னிடம் திரும்பி வரவேண்டும் என்பது விதி.

கேட்க லேசாக இருக்கும். அந்த முருங்கைக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து தளங்கள் ஒரே கணக்கைச் சொல்லின. ஒன்று இன்னொன்றைக் கை காட்டியது, அது மூன்றாவதைக் காட்டியது. மூன்று நாள் தோண்டிய பிறகு தெரிந்தது, அது காய்ந்த இலைப்பொடிக்குப் போட்ட கணக்கு. எந்தப் புண்ணியவானோ அதைத் தூக்கிப் பச்சைக் கீரைக்கு ஒட்டிவிட்டான். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அன்று நான் மாடியில் உட்கார்ந்து திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டிருக்கும்.

நங்கைக்கு நிச்சயம் கேட்டது. எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம். நான் பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்த வீட்டுக்கு வந்தவர், பத்தாவது வரை படித்தவர். என் வேலையை என்னைவிட அவர்தான் பெரிதாக நினைத்தார். ஒரு கைப்பிடி ராகி மாவு என்று கட்டுரையில் வந்தால், நங்கையை அள்ளச் சொல்லித் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பேன். 'என்ற கைப்பிடியத்தான் ஊரே படிக்குது' என்று பக்கத்து வீட்டில் பீற்றிக்கொள்வார். வெளியான பக்கங்களைத் தன் போனில் தேடிப் படித்துக் கடைசியில் என் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது அவருக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

ஆசிரியையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழிஞ்சாம்பாறைக்காரி, கல்லூரியில் என் பக்கத்து இருக்கை. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். பிடிவாதக்காரி என்று என்னைத் திட்டிக்கொண்டே எனக்காக மேலிடத்தில் சண்டை போடுவாள். ஒரு தட்டில் சாப்பிட்டிருக்கிறோம், ஒருத்தி சேலையை இன்னொருத்தி கட்டியிருக்கிறோம். யாரை நம்புவாய் என்று யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் அவள் பெயரைச் சொல்லியிருப்பேன்.

சோடியம் குறைத்த உப்பு பற்றி ஒரு கட்டுரை வந்தது. சாதா உப்பில் இருக்கிற சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் சேர்த்தது அந்த உப்பு. ரத்த அழுத்தம் உள்ள பலருக்கு நல்லது. ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியம் வெளியே போகாமல் ரத்தத்திலேயே தங்கிவிடும், இதயத் துடிப்பையே தடுமாற வைத்துவிடும். எழுதியவர் இதைக் கடைசிப் பத்தியில் ஒரு மூலையில் சொல்லியிருந்தார். நான் சிவப்புப் போட்டு, மேலே கட்டம் கட்டி எழுதச் சொன்னேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த உப்பைத் தொடக் கூடாது என்று முதல் வரியாக வந்தது. டாக்டர் அம்மாவும் அதைத்தான் முதலில் பாராட்டினார். பச்சை போட்டு அனுப்பிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டேன்.

வெளியான பக்கத்தை நான் திறந்து பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் யாருமே பார்ப்பதில்லை. அனுப்பிய பிரதியைத் தெரியும், ஊர் படிக்கிற பக்கம் தெரியாது. நாலு வருடத்தில் ஒரு தடவையாவது திறந்து பார்த்திருக்கலாம் என்று இப்போது நினைத்து என்ன செய்வது?

சில மாதம் கழித்து நங்கைக்குக் கால் வீங்கியது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பார்த்துச் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது, உப்பைக் குறைக்க வேண்டும் என்றார்கள். அப்போது நான் மலைமேல் உடும்பஞ்சோலையில் என் கணவரின் தங்கை வீட்டு விசேஷத்தில் இருந்தேன். போனில் அண்ணன் சொன்னான். ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம், மற்றதை வந்து பேசிக்கொள்ளலாம் என்றேன். விசேஷம் முடிந்தும் மழையில் மாட்டிக்கொண்டு மூன்று வாரம் அங்கேயே இருந்துவிட்டேன்.

திரும்பி வந்த அன்று நங்கை மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கால் துணி மாதிரி துவள்கிறது என்றார். மறுநாள் காலையில் அடுப்படியில் விழுந்துவிட்டார். அண்ணன் காரை எடுத்தான், வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்குப் பறந்தோம். வழியெல்லாம் அவர் கையை நான் விடவில்லை. அது சில்லென்று இருந்தது.

ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக் கிடந்தது. இதயம் தாறுமாறாக அடித்தது. ஊசியும் மருந்தும் போட்டுப் பிற்பகலில்தான் ஒரு நிலைக்கு வந்தார். சாப்பாட்டில் புதிதாக என்ன சேர்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். சோடியம் குறைத்த உப்புக்கு மாறினோம் என்றான் அண்ணன். ஊரிலிருந்து அந்தப் பாக்கெட்டை வரவழைத்தார்கள். டாக்டர் அதைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இங்கிலீஷில் இருந்ததைப் படித்தார். சிறுநீரக நோயாளிகளுக்குக் கூடாது என்றுதான் போட்டிருந்தது. இதை யாரம்மா உங்களுக்குச் சொன்னது என்று கேட்டார்.

நங்கை படுத்தபடியே என்னைக் காட்டினார். அந்த நிலையிலும் அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

"இவ பாத்துப் போட்டதுங்க. பேரு அடியில இருக்குதுங்க."

அப்படி இருக்கவே இருக்காது, முதல் வரியே அதுதானே என்று சொல்லிக்கொண்டே வராந்தாவுக்கு ஓடிப் போனில் பக்கத்தைத் திறந்தேன். கட்டம் இல்லை. மேலே தேடினேன், கீழே தேடினேன், சிறுநீரகம் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை. உப்பின் அருமை பெருமைதான் இருந்தது. அடியில் தகவல் சரிபார்த்தவர் என்று என் பெயர் இருந்தது. கடைக்காரன் விற்கிற பாக்கெட்டில் இருந்த நேர்மைகூட என் பெயர் போட்ட பக்கத்தில் இல்லை. அந்த வராந்தாவில் நின்று, யார் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதேன்.

எங்கள் தளத்தில் ஒவ்வொரு மாற்றமும் யார் செய்தது, எதற்குச் செய்தது என்று பதிவாகும். அன்றே அதைத் திறந்தேன். கட்டுரை வெளியான இரண்டாவது வாரம் கட்டத்தை எடுத்திருந்தார்கள். எடுத்தது என் தோழி. காரணம் எழுதுகிற இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: சரிபார்த்தவருக்குத் தெரியும்.

அடிப்பாவி! வரியை வெட்டியதைக்கூட வேலை நெருக்கடி என்று எப்படியாவது விழுங்கியிருப்பேன். எனக்குத் தெரியும் என்று எழுத அவளுக்கு எப்படிக் கை வந்தது? கூப்பிட்டேன். முதலில் நங்கையைப் பற்றி உருகி உருகிக் கேட்டாள். அப்புறம் பூசி மெழுகினாள். எடுத்தவுடன் எச்சரிக்கை இருந்தால் படிக்க வருகிறவர்கள் பாதியில் ஓடிவிடுகிறார்களாம், மேலிடம் அதை மாற்றச் சொன்னதாம், கீழே எங்காவது சேர்க்கலாம் என்று நினைத்து மறந்துவிட்டாளாம். என்னிடம் ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன்.

"அனுப்புனா நீ விடமாட்டீன்னு தெரியும் புள்ள," என்றாள்.

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்! நான் விடமாட்டேன் என்பதற்காகத்தானே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். எந்தக் குணத்தை ஊருக்குக் காட்டி நம்ப வைத்தார்களோ, அந்தக் குணத்துக்குத் தெரியாமல் ஒளித்துச் செய்திருக்கிறார்கள். இன்னும் எத்தனை பக்கத்தில் எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். மறுபடியும் மேலிடம் என்று ஆரம்பித்தாள். போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

மறுநாள் பக்கத்தில் கட்டம் திரும்ப வந்திருந்தது. கூடவே, தகவல் கடைசியாகச் சரிபார்க்கப்பட்டது நேற்று என்றும், சரிபார்த்தவர் நான் என்றும் போட்டிருந்தார்கள். நேற்று நான் ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எல்லாப் பக்கத்திலிருந்தும் என் பெயரை எடுக்கும்வரை தினமும் கடிதம் எழுதினேன். எடுத்தார்கள். வேலையையும் விட்டேன்.

நங்கை ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன், திறந்து பார்க்காத என் தப்பையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நீ என்ன பண்ணுவ அம்மிணி என்று என் தலையைத் தடவினார். அவர் நாலு அறை அறைந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதிலிருந்து அவருக்கு நான்தான் சமைத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஒரு நாள் காலையில் சுரைக்காய்க் கூட்டு வைக்கப் போகிறேன், பட்டியலில் பார்த்துவிட்டேன், தாராளமாகச் சாப்பிடலாம் என்றேன். சரி அம்மிணி என்றார். நான் காயை அரிந்து வேகவைத்துவிட்டுக் கரண்டியோடு கூடத்துக்கு வந்தால், அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஆஸ்பத்திரி நர்ஸ்.

"என்ற நாத்தனா சுரைக்கா சாப்புடலாம்னு சொல்லுதுங்க. நெசமாலுமே சாப்புடலாமுங்களா?"

திரும்பி என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. போனைச் சேலைத் தலைப்பில் மறைக்கப் பார்த்தார்.

"கேளுங்க நங்கை," என்றேன். "கேட்டுட்டே சாப்பிடுங்க."

நர்ஸ் சொல்லி முடிக்கும்வரை கரண்டியைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.