கைப்பிரேக் போட்ட கார்

கெய்ரோவில் கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் கார்களைப் பார்த்துக்கொள்ளும் மஹ்ரூஸுக்குப் பதினான்கு வருஷ ராஜாங்கம். குடியிருப்பவர்களின் கார்களை மறித்து இரண்டாம் வரிசையில் மாணவர்கள் வண்டியை விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுவார்கள். தெருவின் ஒரே சட்டம்: கியர் நியூட்ரலில் இருக்கணும், கைப்பிரேக் போடக் கூடாது. யாராவது வெளியே போக வேண்டுமானால் மஹ்ரூஸ் தோளைக் கொடுத்துத் தள்ளி வழி பண்ணுவார். கைப்பிரேக்கைப் போட்டுவிட்டுப் போவது, 'உன்னை நம்பவில்லை' என்று அவர் மூஞ்சிக்கு நேராகச் சொல்வது மாதிரி.

மூன்றாம் மாடி ஷவ்கி பேக்கு இதெல்லாம் ஆகாது. ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி; அந்த மரியாதைக்குத்தான் பெயரோடு 'பே'. அதட்ட ஆளில்லாமல் தெருவை அதட்டக் கிளம்பியவர். மஹ்ரூஸை அனுப்பிவிட்டு, வெளி வண்டிகள் வராதபடி தெருவுக்குக் குறுக்கே இரும்புச் சங்கிலி போடணும் என்று மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். பல் டாக்டர் இன்சாஃப் மட்டும்தான் பாக்கி.

பரீட்சை நாள் காலை. மஹ்ரூஸ் அவித்த மொச்சையும் ரொட்டியுமாக உட்காரும்போதே இன்சாஃப் கத்தினாள்.

"மஹ்ரூஸ்! மூணு வருஷம் கழிச்சு என் புள்ள வர்றான். ஏர்போர்ட்டுக்குப் போகணும். எவன் வண்டி இது?"

அவள் காரை மறித்துப் பளபளவென்று ஒரு வெள்ளைக் கார். மஹ்ரூஸ் தள்ளினார். அசையவே இல்லை.

"நம்ம பசங்க வண்டி இல்ல டாக்டரம்மா. நான் வர்றதுக்கு முன்னாடியே நின்னுச்சு."

"அதெல்லாம் தெரியாது. இது நகரலைன்னா நானும் கையெழுத்துப் போட்டுருவேன்."

மஹ்ரூஸ் பரீட்சைக்கு ஓடிக்கொண்டிருந்த பசங்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டேய், வாங்கடா! அண்ணன் பொழப்பு போகுது!"

"மணி அடிக்கப் போகுதுண்ணே!"

சொல்லிக்கொண்டே எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். முன்னால் நாலு, பின்னால் நாலு. "யா அல்லாஹ்!" என்று தூக்கி ஓரமாக வைத்தார்கள். இன்சாஃப் பறந்தாள்.

மேலே ஜன்னல் படாரென்று திறந்தது. "எவன்டா என் புதுக் கார்ல கை வச்சது?"

ஷவ்கி பே!

மஹ்ரூஸ் அண்ணாந்து பார்த்தார். "கைப்பிரேக் போட்டுட்டீங்களே, பே."

"உன் கைக்குப் பயந்துதான் போட்டேன்!"

பசங்க சிரித்த சிரிப்பில் தெருவே ஜன்னலைத் திறந்தது. மறித்தது யார் வண்டி என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. ஷவ்கி பே ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலையும் அந்த வெள்ளைக் கார் இரண்டாம் வரிசையில்தான் நின்றது. மேலே ஜன்னல் மூடியே இருந்தது. மஹ்ரூஸ் கொஞ்சம் தயங்கித்தான் தோளை வைத்தார்.

கார் மெதுவாக நகர்ந்தது.