மாமா வைத்த முனி

சாஆ என்ற சிற்றூரில் இருந்த எங்கள் தாத்தா வீட்டை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் வருவது கோபம்தான். அதில் பெரும் பங்கு என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்கு.

வீட்டை ஒட்டிப் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நின்றது. சருகு விழுந்து சாக்கடை அடைக்கிறது, வெட்டிவிடு என்று பக்கத்து வீட்டுக்காரர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். மாமா சண்டை போடவில்லை. ஒரு விடியற்காலையில் ஆற்றங்கல் ஒன்றை மரத்தடியில் வைத்து, குங்குமம் பூசி, மஞ்சள் துணி கட்டி, சூலம் ஒன்றையும் நட்டுவிட்டார். அன்று முதல் அது முனியாண்டி. வெட்டச் சொன்னவரே ஒரு வாரத்தில் சுருட்டு வாங்கி வந்து படைத்தார். மாமா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் இரண்டு வருடத்தில் அவரே அங்கே செருப்பைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். தான் விட்ட கதையைத் தானே நம்புகிற மனிதரை என்ன செய்வது?

எனக்கு எட்டு வயதானபோது தாத்தா இறந்து அந்த வீடு காலியாகக் கிடந்தது. நாங்கள் தெப்ரா என்ற ஊரில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் வேலை, வெள்ளிக்கிழமை வருவார். வந்தால் தட்டு பறக்கும். சில வாரம் அம்மாவின் கை வீங்கியிருக்கும். பள்ளி திறப்பதற்குள் என்னைக் கூட்டிக்கொண்டு சாஆவுக்கே போய்விடுவது என்று அம்மா முடிவு செய்திருந்தார். என்னிடம் புதுப் பள்ளிக்கூடம் என்று மட்டும் சொல்லியிருந்தார். அப்பா இல்லாத நாட்களில் பாய், பாத்திரம், அடுப்பு என்று ஒவ்வொன்றாகப் பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கூரைமேல் சாய்ந்திருந்த கிளைகளை மட்டும் வெட்டித் தரச் சொல்லி மாமாவிடம் கெஞ்சினார். சாமி மரத்தில் கத்தி வைக்கக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது.

பிறகு ஒரு நாள் பேய்க்காற்று அடித்தது. போன் வந்து நாங்கள் போய்ப் பார்த்தபோது மரம் இடுப்போடு முறிந்து வீட்டின்மேல் கிடந்தது. அடுப்பங்கரையே இல்லை. அம்மா சேர்த்ததெல்லாம் கூரைத் தகரத்துக்கு அடியில் நசுங்கிப் போயிருந்தது. கல்லுக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை.

"பாத்தியா, ஆளு இல்லாத நேரமா பாத்துச் சாய்ச்சிருக்காரு" என்றார் மாமா. அந்தக் கல்லைத் தூக்கி அவர் தலையிலேயே போட்டிருக்க வேண்டும்.

மரம் அறுக்க வந்த ஆள் சூலத்தைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டார். "நான் கை வைக்க மாட்டேன்லா அக்கா. எனக்குப் புள்ளைங்க இருக்கு."

"அது ஆத்துக் கல்லு தம்பி. எங்கண்ணன் வெச்சது. அவரையே கேளுங்க" என்றார் அம்மா.

மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான் வெச்சேன்னு நீ நெனைக்கிற. அவருதான் என்னை வெக்க வெச்சாரு. தைப்பூசம் முடியட்டும், ஒரு பூசை போட்டு வெட்டலாம்."

தைப்பூசம் வர ஒன்றரை மாதம் ஆகும்; பள்ளி திறக்க மூன்று வாரம்தான் இருந்தது.

"நான் எங்க போவேண்ணே?" என்று கேட்டார் அம்மா. மாமா குனிந்து கல்லின் மேலிருந்த சருகைத் தட்டினார். அம்மா இரண்டு கையாலும் கல்லைப் பெயர்த்தெடுத்துச் சாக்கடையில் போட்டார். அறுக்க வந்த ஆள் லோரியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.

நான் அழுதுகொண்டே சாக்கடைக்குள் இறங்கினேன். கல்லை எடுத்துக் கழுவி இருந்த இடத்திலேயே வைத்தேன். மாமா என் தலையைத் தடவிக் கொடுத்தார். திரும்பி வருகையில் பஸ்ஸில் அம்மாவோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சாமியைச் சாக்கடையில் போடுகிறவளோடு என்ன பேச்சு என்று எனக்கு அப்படி ஓர் ஆத்திரம்.

வெள்ளிக்கிழமை அப்பா வந்து சாப்பிட உட்கார்ந்ததும் நேராக அவரிடம் போனேன்.

"அப்பா, நாங்க இருக்கப் போற வீடு உடைஞ்சிருச்சுன்னு அம்மா சாமியைத் தூக்கிச் சாக்கடையில போட்டுட்டாங்க."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. "எந்த வீட்டுல, யாரு இருக்கப் போறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

சமையலறையில் அம்மா தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது. நான் சொல்வதை ஒருவராவது காதுகொடுத்துக் கேட்கிறாரே என்ற சந்தோஷத்தில், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன்.