மதினி கட்டி வைத்த ரத்தம்

என் மதினியின், அதாவது அண்ணன் மனைவியின் எலும்பு மஜ்ஜையை நுண்ணோக்கியில் முதன்முதலாகப் பார்த்த காலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மஜ்ஜை வறண்டு கிடக்கும் என்றுதான் வீட்டில் எல்லோரும் பயந்திருந்தார்கள். மதினிக்கு முகம் வெளுத்துப் போயிருந்தது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது, ரத்தத்தில் சிவப்பணு இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. ஆனால் கண்ணாடிச் சில்லில் நான் பார்த்தது பொங்கலுக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டு. இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு அணுக்கள். உற்றுப் பார்த்தால் பல கோணல்மாணலாக இருந்தன. சில அப்போதே சுருங்கி, உட்கரு உடைந்து, செத்துக்கொண்டிருந்தன. மதுரையில் ரத்தநோய் மருத்துவராக இதையே பார்த்துப் பிழைப்பவள் நான். என்றாலும் சொந்த மதினியின் மஜ்ஜை என்பதால் சில்லை எடுத்து, மறுபடி வைத்து, இரண்டு முறை பார்த்தேன்.

மதினி லேசுப்பட்ட ஆளில்லை. அண்ணன் போன பிறகு, வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கும் பட்டாசுக் கம்பெனியை விற்றுவிடச் சொன்ன சொந்தக்காரர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் காலை வேலையாட்களின் வேன் வரும் முன்னே வாசலில் போய் நின்றவர். மஜ்ஜையைப் பற்றிச் சொன்னதும் அவர் அழவில்லை. உள்ளே அவ்வளவு கூட்டம் இருந்தால் வெளியே ஏன் பஞ்சம் என்று கேட்டார். கம்பெனி நடத்துகிறவர் கேட்கிற கேள்வி.

பதில் சொல்வது எளிது. ஒவ்வொரு அணுவுக்குள்ளும் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு பிறவியிலேயே இருக்கிறது. அது கெட்ட ஏற்பாடு இல்லை. பழுதுபட்ட அணு சத்தம் போடாமல் செத்து ஒதுங்குவதால்தான் நாமெல்லாம் நடமாடிக்கொண்டிருக்கிறோம். சாக மறுத்து அடம்பிடிக்கும் அணுக்கள் பெருகினால் அது ரத்தப் புற்றுநோய். மதினிக்கு வந்தது அதற்கு நேரெதிர். இளம் சிவப்பணு பிழைத்து வளர, சிறுநீரகத்திலிருந்து ஒரு சுரப்பு வந்து அதைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தொடாவிட்டால் அது முடிந்துபோகும். மதினியின் மஜ்ஜையில் சாகச் சொல்லும் சைகை ஓங்கி, பிழைக்கச் சொல்லும் சைகை எடுபடாமல் போயிருந்தது. ஆயிரமாயிரமாய்ப் பிறந்தவை வாசல் தாண்டும் முன்பே மடிந்தன. அந்தச் சுரப்பையே வாராவாரம் ஊசியாகப் போட்டுப் பார்க்கலாம் என்றார் எங்கள் துறைத் தலைவர். சிகிச்சை அவர் பொறுப்பு. நான் உறவுக்காரி மட்டும். இந்த நோய் சிலருக்கு நாளடைவில் புற்றுநோயாகவும் மாறும் என்பதை அவர் மதினியிடம் மறைக்கவில்லை. பட்டாசு மருந்துதான் காரணமா என்று ஊரே என்னைக் கேட்டது. தெரியாது என்றேன். அதுதான் உண்மை.

ஊசி வேலை செய்தது. கோடை முடிவதற்குள் மதினியின் உதட்டுக்கு நிறம் வந்துவிட்டது. கம்பெனியில் ஒவ்வொரு அறையாக நடந்து பார்த்தார். போனில் குரல் பழைய அதட்டலுக்குத் திரும்பியது. ஆடிப் பூஜை முடிந்து தீபாவளிச் சரக்கு லாரியில் ஏறத் தொடங்கியதும் அவர் போன் பண்ணுவது குறைந்தது. சீசன்தானே என்று நானும் விட்டுவிட்டேன். புரட்டாசியில் ஒரு மத்தியானம், பெட்டி கட்டும் ஷெட்டில் நின்றபடி ஆர்டர் சொல்லிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார் என்று தகவல் வந்தது.

சிவகாசியில் மதினி வீட்டுக்குப் போனேன். குடிக்கத் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால், மாவுச் சட்டிக்குப் பின்னால் ஊசி மருந்துப் பெட்டிகள். வாராவாரம் தவறாமல் வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு ஃப்ரிட்ஜ் கதவை அறைந்துதான் சாத்தினேன்.

மதினி படுத்தபடியே சொன்னார். "சீசன் முடியட்டும்னு எடுத்து வச்சிருக்கேன். ஏறுன ரத்தம் அங்கனதான இருக்கும், எங்க போயிரப் போகுது?"

எங்கள் ஊர்க்காரர்தான் இப்படி யோசிக்க முடியும். வருடம் முழுக்கச் செய்து, கட்டி, குடோனில் அடுக்கி, ஒரே ஒரு நாளுக்காகக் காத்திருக்கிற ஊர். செய்து வைத்த சரக்கு செய்து வைத்தபடி இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இங்கே அடுப்பு எரிகிறது. மற்ற நோயாளிகள் மறந்துபோய் ஊசியை நிறுத்துவார்கள், பயந்து நிறுத்துவார்கள். மதினி இருப்புப் பார்த்து நிறுத்தியிருந்தார்.

காலையில் கலக்கிய பட்டாசு மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது, அதுபோலத்தான் ரத்தமும் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"என் தொழில எனக்குச் சொல்லாத டாக்டரம்மா. ஒன் தொழிலச் சொல்லு."

சொன்னேன். "மதினி, ஒங்க ஒடம்புல அணு பொறக்கிறதுல ஒரு குறையும் இல்ல. ஆனா பொறந்த ஒவ்வொண்ணுகிட்டயும் சாகாதன்னு யாராச்சும் சொல்லணும். நேத்துச் சொன்னது நேத்துப் பொறந்ததுக்குத்தான். சொல்றத நிப்பாட்டுனா, இன்னைக்குப் பொறக்கிறது இன்னைக்கே செத்துரும்."

"எம்புட்டு நாளைக்குச் சொல்லணும்?"

"நீங்க இருக்கிற வரைக்கும்."

மதினி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். யாரையும் எதிர்பார்த்து நின்று பழகாதவர் அவர். அண்ணன் இருந்தபோதுகூட அப்படித்தான். வாராவாரம் ஒரு ஊசியை நம்பித்தான் இனி உயிர் என்பது, அந்த நோயைவிட அவருக்கு வலித்தது. எனக்கு அது புரிந்தது. ஆனால் சொன்னதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. சுவரைப் பார்த்தபடியே, ஊசி போட நர்ஸை வரச் சொல்லு என்றார்.

விட்ட இடத்திலிருந்து தொடங்கினால் அணுக்கள் மறுபடி செவிசாய்க்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அந்தத் தீபாவளி வேறொருவர் ரத்தத்தில்தான் போயிற்று. இரண்டு தடவை ஏற்ற வேண்டியிருந்தது. ஊசியின் அளவைக் கூட்டினோம். மார்கழிக் கோலம் போடும்போதுதான் மதினியின் சொந்த ரத்தம் அசைந்து கொடுத்தது, தை பிறந்ததும் ஏறத் தொடங்கியது. ஒரு நாள் இந்த ஊசியும் எடுபடாமல் போகலாம். போகட்டும். நான் படித்த காலத்தில் இல்லாத மருந்துகள் இப்போது இருக்கின்றன. எந்த அணுவைப் பிழைக்க வைப்பது, எதைச் சாக வைப்பது என்று முன்னைவிட எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

இப்போது ஊசியை அவரே போட்டுக்கொள்கிறார். வாராவாரம் வெள்ளிக்கிழமை காலையில், நான் வார்டுக்குக் கிளம்பும் நேரம் பார்த்துப் போன் வரும். பின்னால் வேலையாட்கள் வேனிலிருந்து இறங்கும் சத்தம் கேட்கும். நலம் விசாரிக்க எனக்கு இடம் தருவதில்லை.

"இந்த வாரமும் எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு டாக்டரம்மா, சாகாதீகன்னு" என்பார். அதற்குமேல் பேச அவருக்கு நேரமிருக்காது.