அத்தாவின் பகல் தூக்கம்

அரபி காதில் விழுந்தால் என் அம்மாவின் வலது கை தானாகத் தலைக்குப் போகும். தோளில் கிடக்கும் முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்ட பிறகுதான் மற்ற வேலை. பள்ளிவாசலில் பாங்கு சொன்னாலும் அப்படித்தான், பக்கத்து வீட்டுப் பிள்ளை அலிஃப், பே என்று அரபி எழுத்துப் படித்தாலும் அப்படித்தான். சென்ற மாதம் என் மகனுடைய கைப்பேசியில், மொழி கற்றுக்கொடுக்கும் ஆப் ஒன்று "இது கோழி, இது முட்டை" என்று அரபியில் சொன்னபோதும் அந்தக் கை அதே மரியாதையோடு தலைக்குப் போனது. "கோழியத்தாம்மா சொல்லுது" என்றேன். "கோழியா இருந்தா இன்னா, அரபிலதானே சொல்லுது" என்றாள் அம்மா. நானும் மகனும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

மகன் டிப்ளமோ முடித்தவன். ஏசி மெக்கானிக்காகக் கத்தாருக்குப் போக அவனுக்கு விசா வந்திருந்தது. மரக்காணத்தில் எங்கள் தெருவில் வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு அபூர்வம். குர்ஆனை ராகம் பிசகாமல் ஓத எங்கள் எல்லோருக்கும் தெரியும். அரபியில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தெரியாது. மகன் அங்கே போய்த் திருதிருவென்று முழிக்கக் கூடாது என்று அந்த ஆப்பை இறக்கச் சொன்னதே நான்தான். முதல் ஒரு வாரம் இலவசம். பிடித்திருந்தால் ஒரு வருடத்துக்குச் சந்தா கட்ட வேண்டும். நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வளையல், பொட்டு, கிளிப் விற்கிற ஃபேன்சி ஸ்டோர் நடத்துகிறவள். இலவசம் என்று எவன் எதைக் கொடுத்தாலும் அதைக் கடைசிச் சொட்டுவரை பிழிந்துவிட்டுத்தான் விடுவேன். அந்த ஒரு வாரத்தில் ஒரு பாடமும் வீணாகக் கூடாது என்று மகனோடு நானும் உட்கார்ந்துகொண்டேன். தப்பாகச் சொன்னால் திரையில் ஒரு பச்சை ஒட்டகம் அழும். அதை அழவைப்பதில் மகனைவிட நான்தான் கெட்டிக்காரி.

எங்கள் வீட்டில் முதலில் கடல் தாண்டிப் போனவர் என்னைப் பெற்ற அத்தா. சவுதியில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். அங்கே என்ன வேலை என்று யார் கேட்டாலும் "கம்பெனில" என்பார், அதற்கு மேல் அந்தப் பேச்சு நகராது. அதிகம் பேசாத மனிதர். அறைக்குள் யார் நுழைந்தாலும் சட்டென்று எழுந்து நின்றுவிடுவார். மதரஸாவிலிருந்து பையோடு நான் ஓடிவந்தால்கூட, பாதி உட்கார்ந்த நிலையிலிருந்து எழுந்து, நான்தான் என்று பார்த்த பிறகு மெல்லச் சிரித்து உட்காருவார். என்ன மரியாதை தெரிந்த மனிதர் என்று தெருவில் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அதில் ஏகப் பெருமை.

விடுப்பு நாட்களில் மதியச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாய் விரித்து, மின்விசிறிக்கு நேர்கீழே படுப்பார். கண் அயர்ந்த கொஞ்ச நேரத்தில் உதடுகள் அசையத் தொடங்கும். முதலில் முணுமுணுப்பு. பிறகு குரல் எழும்பி வேகமாக வரும், நடுங்கும், கெஞ்சும். "ஸாமிஹ்னி... ஸாமிஹ்னி... ஆகிர் மர்ரா..." மூடிய கண்ணின் ஓரத்தில் ஈரம் கோத்து நிற்கும். அடுப்பங்கரை வாசலில் அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள். முக்காட்டைப் போட்டுக்கொள்வாள். அவர் மூச்சுவிட நிறுத்தும்போதெல்லாம் "ஆமீன்" என்பாள். என் கையைப் பிடித்து என்னையும் சொல்லச் சொல்வாள். தூக்கத்திலும் அல்லாவிடம் அழுது துஆ கேட்கிற மனிதருக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று அவளுக்கு உடம்பெல்லாம் பூரிப்பு.

இதைத் தெருவெல்லாம் பரப்பியது நான். அந்த வயதில் என் வாய்க்குப் பூட்டு கிடையாது. முதலில் மதரஸாவில் என்னோடு ஓதும் பிள்ளைகளை அழைத்துவந்தேன். பிறகு அவர்களுடைய அம்மாமார்கள் வந்தார்கள். சாப்பாட்டு நேரம் கழிந்ததும் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கும். அனுமந்தையிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா ஒருநாள் கூடையைப் படியில் இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "சாமி வந்த மாரி இருக்குது" என்று கைகூப்பி நின்றாள். கிளியனூரில் கட்டிக்கொடுத்த ஒருத்தி காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து, அதை அத்தாவின் கால்மாட்டில் கிடத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொருத்தி கையில் பாட்டில் நிறையத் தண்ணீர், ஓதி ஊதி வாங்கிப்போக. நான் எல்லோருக்கும் இடம் காட்டி, சத்தம் போடாதீங்க என்று விரலை உதட்டில் வைத்து, பெரிய மனுஷி மாதிரி நடுவில் நின்றேன்.

அந்தக் காய்ச்சல் பிள்ளைதான் சிணுங்கி அத்தாவை எழுப்பியது. கண் திறந்தார். கூடம் நிறைய முக்காடு போட்ட பெண்கள். வழக்கம்போலச் சட்டென்று எழுந்து நின்றார். கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு, "இன்னா ஆச்சு?" என்று அம்மாவைக் கேட்டார். "தூக்கத்துல ஓதுறீங்க. அதக் கேக்க வந்திருக்காங்க" என்றாள் அம்மா, வெட்கமும் பெருமையுமாக. "இன்னா ஓதினேன்?" என்றார் அத்தா. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஏற்ற இறக்கம் மாறாமல், அவர் கெஞ்சுகிற இடத்தில் கெஞ்சி, முழுவதையும் ஒப்பித்தேன்.

அவர் முகத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தலை நிமிர்வதில்லை. அது சிவக்கவில்லை, சுருங்கவும் இல்லை. அதிலிருந்து ஏதோ ஒன்று எழுந்து வெளியே போய்விட்டது. தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றவளைப் பார்த்தார். பிறகு அதை வாங்கி, பிஸ்மில்லா சொல்லி ஊதி, அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் சாப்பிட்டதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போனார். அங்கே உப்புத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் கொட்டகையில் அவருடைய கூட்டாளி ஒருவர் வேலை பார்த்தார். விடுப்பு முடியும்வரை அத்தாவின் பகல் தூக்கம் அங்கேதான். அடுத்தடுத்த விடுப்புகளிலும் அங்கேதான். டீசல் மோட்டார் காது கிழிய ஓடிக்கொண்டிருக்கும். கத்தினால்கூடப் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. "வூட்ல ஃபேன் சுத்துது, அந்தக் கருமம் புடிச்ச சத்தத்துல எப்பிடித்தான் தூக்கம் வருதோ" என்று அம்மா புலம்புவாள். பெருமை பிடிக்காத மனிதர், அதனால்தான் ஒதுங்கிப் போகிறார் என்று நாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டோம். அதையும் நான் தெருவில் சொல்லித் திரிந்தேன்.

அந்த நாட்களில் மதரஸா ஹஜ்ரத்திடம் போய், இது எந்த துஆ என்று அதையே ஒப்பித்துக் கேட்டிருக்கிறேன். அரபிக் கல்லூரியில் படித்துவந்தவர் அவர். என்னை இரண்டாவது முறை சொல்லவிடவில்லை. "மன்னிப்பு கேக்கறாரும்மா. நல்ல மனுசன். இனிமே தூங்கறவர வேடிக்க பாக்க யாரையும் கூட்டினு வராத" என்றார். வேடிக்கை என்ற சொல் எனக்குக் கோபம் தந்தது. முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகை முடிவிலும் அம்மா அத்தாவின் அந்த வரியையும் சேர்த்துக் கேட்பாள். அத்தா கண்மூடி மவுத்தாகிச் சில வருடங்கள் ஆன பின்னும், தொழுகை விரிப்பில் கையேந்தி உட்கார்ந்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஸாமிஹ்னி, ஸாமிஹ்னி, ஆகிர் மர்ரா" என்று முடிப்பாள். உங்க அத்தாவோட துஆ என்பாள்.

இலவச வாரம் முடிய இரண்டு நாள் இருந்தது. கடையை மதியம் மூடிவிட்டு வந்து மகனோடு உட்கார்ந்தேன். அம்மா எதிரே நாற்காலியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். 'வேலை இடத்தில்' என்று ஒரு பாடம். திரையில் ஒரு படம்: மேசைக்குப் பின்னால் டை கட்டிய ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். எதிரே இன்னொருவன் தலையைக் குனிந்து நிற்கிறான். கைப்பேசி தெளிவான, அழகான ஓர் ஆண் குரலில் சொன்னது: "ஸாமிஹ்னி. ஆகிர் மர்ரா." கீழே ஆங்கிலத்தில் அதன் பொருள். என்னை மன்னித்துவிடுங்கள், இதுதான் கடைசித் தடவை.

அம்மாவின் கை தலைக்குப் போயிருந்தது. "ஆமீன்" என்றாள். அடுத்த கணமே முகமெல்லாம் மலர்ந்து, "ஏய், இது உங்க அத்தா துஆ! போனுக்கே தெரிஞ்சிருக்குது பாரு" என்றாள். மகன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ம்மா..." என்று ஆரம்பித்தவனைக் கண்ணாலேயே அடக்கினேன். அம்மா கைப்பேசியைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. படம் பார்க்கத் தெரியும்.

"ஒக்காந்திருக்கறது யாரு?"

"அது... ஹஜ்ரத்தும்மா."

"டை கட்டிக்கினு ஒரு ஹஜ்ரத்தா?" என்றாள். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீரையைத் தொடர்ந்தாள்.

என்னால் உட்கார முடியவில்லை. கடையைத் திறக்கிறேன் என்று கிளம்பி, கால் போன போக்கில் உப்பளப் பக்கம் நடந்தேன். வெயிலில் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. அந்தக் கொட்டகை இப்போது இல்லை. மின்மோட்டார் வந்துவிட்டது, சத்தமே கிடையாது. கம்பெனி என்று மட்டும் எங்களுக்குச் சொன்ன இடத்தில், யாரோ ஒரு முதலாளி முன்னால், எந்தக் குற்றத்துக்கோ, எத்தனை தடவையோ நின்று கெஞ்சிய மனிதர், அதை மறந்து தூங்க வந்த வீட்டில் நாங்கள் ஆள் சேர்த்துக்கொண்டு கேட்டோம். கெஞ்சல் முடிய முடிய ஆமீன் சொன்னோம். அர்த்தம் என்ன என்று அவரிடம் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். சத்தத்துக்கே தலையை மூடிக்கொண்ட எங்களுக்கு அது தோன்றவில்லை. நான் அவர் முகத்துக்கு நேரே, கையைக் கட்டிக்கொண்டு, அதை நடித்தே காட்டினேன். வெட்கமாக இருந்தது. பெற்றவருக்காக அல்ல, எனக்காக.

வீட்டுக்கு வந்து, சந்தா வேண்டாம், வீண் செலவு என்று மகனிடம் சொல்லிவிட்டேன். பணம் பெரிய தொகைதான், ஆனால் அது காரணம் இல்லை. அத்தா தூக்கத்தில் பேசிய இன்னும் பல சொற்கள் என் நினைவில் ராகத்தோடு இருக்கின்றன. பாடம் பாடமாக அவை ஒவ்வொன்றும் படத்தோடு வந்து நிற்கும். அம்மா எதிரே உட்கார்ந்திருப்பாள். நான் எத்தனை பேருக்கு டை கட்டிய ஹஜ்ரத் என்று பெயர் வைப்பது?

மகன் தோளைக் குலுக்கினான். "வேணாம்னா வுடும்மா. அங்க போனா தானா வந்துடப் போவுது. நன்னா இன்னா ஆப் வெச்சா கத்துக்கிட்டாரு?"

தாத்தாவைப் பற்றிப் பேரன் விளையாட்டாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அத்தாவுக்கு அந்த மொழி எப்படி வந்தது, அதில் எது முதலில் வந்தது என்று அப்போதுதான் யோசித்தேன். அப்படியும், சரி, சந்தா கட்டிவிடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

இலவசத்தில் மீதியிருந்த இரண்டு நாளும் ஆப்பைத் திறக்கவே நான் விடவில்லை, வீட்டில் அரபி இல்லை. மூன்றாம் நாள் மதியம் அம்மா கேட்டாள். "போனு ஏன் பேச மாட்டேங்குது?"

"பணம் கட்டணுமாம்மா. எதுக்கு வீணான்னு விட்டுட்டேன்."

அம்மா தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். இந்த இரண்டு நாளும் தொழுகை முடிவில் அந்தக் கடைசி வரியை அவள் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கட்டு" என்றாள். "மன்னிப்பு கேக்கறதெல்லாம் உங்க அத்தாவே கேட்டு முடிச்சிட்டாங்க. புள்ளைக்கு மீதியக் கத்துக் குடுக்கச் சொல்லு."

நான் அவள் முகத்தைப் பார்க்காமலே பணம் கட்டினேன்.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது அம்மா முக்காடு போட்டுக்கொண்டாள். தொழுது முடித்து, முந்தானையைத் தோளுக்கு இறக்கிவிட்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்து கீரைக் கட்டைப் பிரித்தாள். மகன் கைப்பேசியைத் திறந்தான். 'வேலை இடத்தில்' பாடத்தின் மீதி. இந்தத் தடவை படத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். இது என் வேலை இல்லை என்று அரபியில் சொன்னது கைப்பேசி. மகன் கூச்சத்தோடு அதை முணுமுணுத்தான். நான் பழைய பழக்கத்தில் அம்மாவின் கையைப் பார்த்தேன். அது கீரையிலேயே இருந்தது.

"சத்தமா சொல்லுடா" என்றாள் அவனிடம்.